19–18: ஒரு பழைய பாக்ஸ் ஸ்கோரை ஷீட்டில் ஏற்றிப் பார்த்தது

பாக்ஸ் ஸ்கோர் என்பது ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் ஒவ்வொரு வீரரும் போட்டதைக் காட்டும் அட்டவணை. எடுத்துக்கொண்ட ஆட்டம் 1950 நவம்பர் 22 அன்று மினியாபொலிஸ் ஆடிட்டோரியத்தில் நடந்தது. ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஸ்கோர் இதுதான். கை பழக இதைவிடத் தோதான ஆட்டம் கிடையாது. இரண்டு அணியும் சேர்ந்து போட்டதே 8 கூடைதான். ஒரு எண் பிசகினாலும் உடனே பல்லிளித்துவிடும்.

அந்தக் காலச் செய்தித்தாள் அட்டவணையில் ஒரு வீரருக்கு நான்கைந்து எண்களுக்கு மேல் இருக்காது: கூடை, ஃப்ரீ த்ரோ (எதிரணி ஃபவுல் செய்தால் கிடைக்கும் தடையில்லா எறிதல், விழுந்தால் 1 புள்ளி), ஃபவுல், மொத்தப் புள்ளி. ஃப்ரீ த்ரோவை ‘7-11’ என்று ஒட்டி அச்சிட்டிருப்பார்கள். இதை அப்படியே கூகுள் ஷீட்ஸில் ஒட்டினால் அது தேதியாக மாறிவிடும். ஒட்டிய பிறகு வடிவத்தை மாற்றிப் பயனில்லை, உள்ளே இருந்த எண் போயிருக்கும். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘வெறும் எழுத்து’ என்று வைத்துவிட்டு, பிறகு போட்டது, முயன்றது என இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

இன்னொரு பொறி: சில செய்தித்தாள்கள் முயற்சியைப் போடாமல், தவறவிட்ட ஃப்ரீ த்ரோக்களை மட்டும் அட்டவணைக்கு அடியில் ஒரு வரியாகக் கொடுக்கும். லேக்கர்ஸின் ஜார்ஜ் மைக்கன் 11 முயன்று 7 போட்டார் என்றால், அங்கே ‘மைக்கன் 4’ என்றுதான் இருக்கும். அந்த 4ஐ முயற்சி நெடுவரிசையில் தட்டிவிட்டால், 4 முயன்று 7 போட்ட அதிசய வீரர் கிடைப்பார். முயன்றது போட்டதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும்படி முதலிலேயே ஒரு விதி போட்டுவைப்பது நல்லது.

சரிபார்ப்புக்கு மூன்று கணக்கு போதும். வரிக்கு வரி, கூடை × 2 + ஃப்ரீ த்ரோ − புள்ளி = 0. மேலிருந்து கீழ், வீரர்களின் கூட்டுத்தொகை = அணி மொத்தம். மூன்றாவது, குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) கூட்டுத்தொகை. பிஸ்டன்ஸ் 8, 3, 5, 3. லேக்கர்ஸ் 7, 6, 4, 1.

லேக்கர்ஸ் பக்கம் எளிது. மைக்கன் 4 கூடை, 7 ஃப்ரீ த்ரோ, 15 புள்ளி. பாபி ஹாரிசன் 2 ஃப்ரீ த்ரோ, ஜிம் பொல்லார்ட் 1. அவ்வளவுதான், 18. அணியின் புள்ளியில் 83.3 சதவீதம் ஒரே ஆளுடையது. பிஸ்டன்ஸில் ஜான் ஓல்ட்ஹாம் 5, கர்லி ஆம்ஸ்ட்ராங் 4, லாரி ஃபவுஸ்ட் 3, ஃப்ரெட் ஷாவுஸ் 3, ஜாக் கெரிஸ் 2, ஜான் ஹார்கிஸ் 2. இதில் ஷாவுஸும் கெரிஸும் கூடையே போடவில்லை, எல்லாம் ஃப்ரீ த்ரோ. கடைசி வினாடிகளில் ஜெயிக்கவைத்த கூடை ஃபவுஸ்டுடையது.

பெயரில் கவனம் வேண்டும். அட்டவணையில் குடும்பப் பெயர் மட்டும்தான் வரும். ஆம்ஸ்ட்ராங்கின் இயற்பெயர் பால், ‘கர்லி’ பட்டப்பெயர். பெயரை வைத்து வேறு ஷீட்டோடு இணைத்தால் இங்கேதான் அறுந்துபோகும். ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்துவிடலாம். அணிக்கும் அப்படியே, ஆனால் சீசனோடு சேர்த்து. பிஸ்டன்ஸ் 1957இல் டெட்ராய்டுக்கும், லேக்கர்ஸ் 1960இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போய்விட்டன.

பதியப்படாததை 0 என்று நிரப்பவே கூடாது. என்பிஏவில் ஆடிய நிமிடங்கள் 1951-52 முதலும், ஸ்டீலும் (பந்தைப் பறிப்பது) பிளாக்கும் (ஷாட்டைத் தடுப்பது) 1973-74 முதலும், டர்ன் ஓவர் (பந்தைப் பறிகொடுப்பது) 1977-78 முதலும்தான் கணக்கில் வந்தன. காலியாக விட்டால் சராசரி ஃபார்முலா அதைத் தாண்டிப் போகும். 0 போட்டால் சராசரியைக் கீழே இழுக்கும்.

இதுவரை சிக்கல் இல்லை. இன்றைய அளவுகோல்களைப் பொருத்தும்போதுதான் ஷீட் முரண்டு பிடிக்கிறது. ஷாட்டையும் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்து ஒருவரின் எறிதல் திறனை அளக்கும் ட்ரூ ஷூட்டிங் ஃபார்முலாவில் ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.44ஆல் பெருக்குவார்கள். மைக்கன் 11 ஷாட், 11 ஃப்ரீ த்ரோ, கணக்கு 47.3 சதவீதம் என்கிறது. அந்த 0.44 பிற்கால விதிகளில் பழகிய எண். 1950இல் சாதாரண ஃபவுலுக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோதான், ஆக அந்த ஒற்றை எறிதலே ஒரு பந்து வாய்ப்பை (பந்து ஒரு அணியின் கையில் இருக்கும் ஒரு முறை) முழுசாகத் தின்றுவிடும். இரண்டு எறிதல் கிடைத்தால் ஒவ்வொன்றுக்கும் 0.5, கூடை விழுந்தபின் கிடைக்கும் கூடுதல் எறிதலுக்கு 0. எடையை 0.7 என்று வைத்தால் மைக்கன் 40.1க்கு இறங்குகிறார், 1 என்று வைத்தால் 34.1. எனவே இந்தக் கட்டத்தில் ஒற்றை எண்ணை எழுதாமல், எடையைத் தனிக் கட்டத்தில் வைத்து மூன்று விடையையும் காட்டுவதே நேர்மை.

பந்து வாய்ப்புக் கணக்கு இன்னும் சுவையானது. பிஸ்டன்ஸ் 13 ஷாட்டில் 4, ஃப்ரீ த்ரோ 15இல் 11. லேக்கர்ஸ் 18இல் 4, ஃப்ரீ த்ரோ 17இல் 10. 0.44 எடையில் லேக்கர்ஸுக்கு 25.5, பிஸ்டன்ஸுக்கு 19.6. எடை 1 என்றால் 35க்கு 28. இரண்டு அணிக்கும் வாய்ப்புகள் மாறி மாறித்தான் வரும். குவார்ட்டருக்கு ஒன்று என்று தாராளமாக விட்டாலும் வித்தியாசம் 4ஐத் தாண்டாது. மிச்சம் இடிப்பதெல்லாம் பதியாமல் போன டர்ன் ஓவரும் தாக்குதல் ரீபவுண்டும் (தவறிய தன் ஷாட்டை அதே அணி மீண்டும் பிடிப்பது). ஷாட் எடுக்காமல் பந்தைப் பிடித்துவைத்திருந்த அணிக்குத்தான் எண்ணிக்கை குறைகிறது என்பதைப் பாருங்கள். பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் முர்ரே மெண்டன்ஹாலின் திட்டமே அதுதான்: பந்து மைக்கன் கைக்குப் போகக் கூடாது.

48 நிமிடத்தில் இரு அணியும் சேர்த்து 31 ஷாட். அதாவது 93 வினாடிக்கு ஒன்று. 1954இல் 24 வினாடிக்குள் ஷாட் எடுக்கவைக்கும் கடிகாரம் வந்தபோது, சிராகியூஸ் அணி உரிமையாளர் டேனி பியாசோன் போட்ட கணக்கும் இதே வகுத்தல்தான்: 2,880 வினாடி ÷ 120 ஷாட்.

அடுத்து ஏற்றப்போவது 1946 நவம்பர் 1, டொரான்டோவில் நிக்ஸ் 68, ஹஸ்கீஸ் 66. ஷீட்டின் அமைப்பில் மாற்றம் தேவையில்லை. அணிப் பட்டியலில் மட்டும் ஹஸ்கீஸுக்குப் புது எண். ஒரே சீசன் ஆடிக் கலைந்த அணி என்பதால் சீசன் குழப்பமும் வராது.