தடைக்கால வாத்தியார்

ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. பாம்பன் வீட்டுத் திண்ணையில் நான் கிழிந்த வலையோடு, நாலாவது படிக்கிற மகள் கணக்கு நோட்டோடு.

"ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். மொத்தம் எத்தனை நாள், எண்ணிச் சொல்லு."

விரல் முட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மேட்டில் வரும் மாதத்துக்கு 31 நாள், பள்ளத்தில் வருவதற்கு 30 (பிப்ரவரி மட்டும் தனி). இதுவரை சரி. ஆனால் விடை 60 என்றாள். ஏப்ரலுக்கு 30-லிருந்து 15-ஐ அப்படியே கழித்திருக்கிறாள், 15-ஆம் தேதியே காணாமல் போய்விட்டது. (சின்ன வயதில் நானும் இங்கேதான் இடறினேன். அதையெல்லாம் சொல்லவில்லை.)

வலையை மடியில் விரித்து, 15-ஆவது கண்ணியிலிருந்து 30-ஆவது வரை விரல் விட்டு எண்ணச் சொன்னேன். 16 வந்தது. மறுபடி எண்ணினாள், அதே 16. அப்புறம் 31, 14, கூட்டினால் 61.

நோட்டை மூடிவிட்டுக் கேட்கிறாள்: "அப்போ இன்னும் ஒரு நாள் கூட வீட்ல இருப்பியாப்பா?"