பூட்டிய வீட்டில் விழித்திருப்பது மீட்டர் மட்டுமே

செட்டிநாட்டு ஊர்களில் உள்ள பெரிய வீடுகளில் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, சாந்தி என்று விசேஷம் வந்தால்தான் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து கதவைத் திறக்கிறார்கள்; முடிந்ததும் அவரவர் புள்ளியின், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தின், அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் மின்சாரத்தை யாரும் முழுவதுமாக நிறுத்திவிட்டுப் போவதில்லை. வாசல் விளக்கு எரிய வேண்டும், கேமரா ஓட வேண்டும், காவல்காரர் மோட்டார் போட வேண்டும். ஆகவே, பர்மா தேக்கால் நிறைந்த ஒரு வீட்டில் மனிதர் யாரும் இல்லாத மாதங்களிலும் விழித்திருக்கும் ஒரே பொருள் முகப்புச் சுவரில் இருக்கும் மீட்டர்தான். தீயையும் புகையையும் கண்டுணரும் வேலையில் ஒரு பங்கை அந்த மீட்டரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாடு முழுவதும், பயன்பாட்டைத் தானே பதிந்து அனுப்பும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துவதென்று 2021-இல் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. மீட்டர்களை எப்படியும் மாற்றப் போகிறோம் என்னும் இந்த நேரத்தில் இதைப் பேசாவிட்டால், ஒருமுறை சுவரில் ஏறிய மீட்டரை மறுபடி மாற்றப் பல ஆண்டுகள் ஆகும்.

தீ முதலில் பிறக்கும் இடங்களுள் ஒன்று மீட்டரே என்பதிலிருந்து தொடங்குகிறேன். மீட்டரின் அடியில் வயர்களைத் திருகி இறுக்கும் முனைகள் உள்ளன. அங்கே ஒரு திருகு தளர்ந்துவிட்டால் அந்த இணைப்பின் மின்தடை கூடுகிறது. தடை 0.1 ஓம் என்றும், ஏ.சி.யும் மோட்டாரும் சேர்ந்து 20 ஆம்பியர் இழுக்கின்றன என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு புள்ளியில் 40 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயனின் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். சாதாரண பி.வி.சி. வயரின் உறை 70 டிகிரி வரைதான் தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படுவது. சூட்டில் செம்பு கருத்து ஆக்சைடு படிய, தடை மேலும் கூடுகிறது. தடை கூடக்கூடச் சூடும் ஏறுகிறது. இவ்வளவு நடந்தும், மின்னோட்டம் அளவுக்கு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் விழாது, ஏனென்றால் வயரில் ஓடும் மின்னோட்டம் அளவைத் தாண்டவே இல்லை.

எங்கள் வீட்டு மீட்டர் பலகையைச் சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். தேக்குப் பலகை, அதன்மேல் இரண்டு பீங்கான் ஃபியூஸ் கேரியர்கள், அவற்றிலிருந்து மேலேறும் துணி சுற்றிய பழைய வயர்கள். அந்த வயரைச் சற்றே வளைத்தால் உள்ளிருக்கும் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது. நியூட்ரல் வயர் நுழையும் இடத்தில் மீட்டர் மூடி பழுப்பேறியிருந்தது. நான் அஞ்சியது அதைக் கண்டுதான். அந்த மூடியை வீட்டுக்காரர் திறந்து திருகை இறுக்க முடியாது. மின்வாரியத்தின் சீல் அதில் இருக்கிறது. வீட்டுக்காரர் தொடக்கூடாத இடத்தில் உண்டாகும் சூட்டைக் கவனிக்கும் பொறுப்பு அந்தக் கருவிக்கே இருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. முனைகளுக்கு அருகே மிகச் சிறிய, விலை குறைந்த வெப்ப உணரி (சென்சார்) ஒன்றை வைத்தால், புகை வருவதற்கு வெகுநேரம் முன்பே சூடு ஏறுவதை மீட்டர் தெரிந்துகொள்ளும். முழு யோசனையிலும் மிக எளிதாகவும் முதலாவதாகவும் செய்ய வேண்டியது இதுதான்.

அடுத்தது மின்கசிவு. இப்போதைய ஒருமுனை மீட்டர்கள் பல, ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுகின்றன. மின்திருட்டைப் பிடிப்பதற்காக வந்த ஏற்பாடு அது. அதே வேறுபாடுதான் ஈரச் சுவரிலோ இற்றுப்போன வயரிலோ கசிந்து நிலத்துக்குப் போகும் மின்னோட்டத்தையும் காட்டும். 300 மில்லிஆம்பியர் கசிந்தால் 230 வோல்ட்டில் அது 69 வாட். காய்ந்த மரத்தின் அருகே அது பொறுக்கத்தக்க அளவு அன்று. அவ்வளவு நுட்பமாக அளக்க மீட்டருக்குள் தனிக் கம்பிச்சுருள் ஒன்று தேவைப்படும். மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டித்து உயிர்காக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவிக்கு இது மாற்றாகாது. அதை ஒவ்வொரு வீட்டிலும் தனியே போட்டே ஆக வேண்டும்.

புகைக்கு வருவோம். புகை உணரியை மீட்டருக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. மீட்டர் நெஞ்சுயரத்தில், வீட்டின் வாசலோரத்தில் இருக்கிறது. புகையோ மேலே ஏறுவது. அது மீட்டரை எட்டும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். மேலும், ஒளி சிதறுவதைக் கொண்டு புகையை அறியும் உணரிக்குள் தூசும் சிறு பூச்சியும் புகுந்தால் பொய்யாக அலறும். நம் மீட்டர் பெட்டிகளில் குளவி கூடு கட்டாத பெட்டி எது? ஆகவே உணரிகள் அறைகளின் கூரையில் இருக்க வேண்டும். அவை அனுப்பும் செய்தியைக் கம்பியில்லாமல் வாங்கி வெளியே சொல்லும் தலைமைக் கருவியாக மீட்டர் இருக்க வேண்டும். வீட்டுக்குள் வைக்கும் புகை அலாரம் பயனற்றுப் போவதற்குப் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்ததோ கழற்றப்பட்டதோதான் காரணம். உணரிகளின் பேட்டரி இறங்குவதையும் மீட்டர் கவனித்து முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நம் வீடுகளின் அமைப்பு இங்கே ஒரு சிக்கலைத் தருகிறது. வளவு என்னும் உள்கட்டின் நடுவே, முற்றத்துக்கு மேல் வானம் திறந்திருக்கிறது. முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில் உணரி வைத்தால் புகை முற்றத்து வழியாக மேலே போய்விடும்; உணரிக்கு எட்டவே எட்டாது. எனவே வளவைச் சுற்றியுள்ள பூட்டிய அறைகள் ஒவ்வொன்றிலும், சாமான்கள் அடைந்திருக்கும் மாடி அறைகளிலும் தனித்தனி உணரி வேண்டும். புகையை வெளியே விடும் அதே முற்றம் ஒரு நன்மையும் செய்கிறது: ரேடியோ அலை இந்தக் கனத்த சுண்ணாம்புச் சுவர்களைத் துளைப்பது கடினம், திறந்த முற்றத்தின் குறுக்கே போவது எளிது. விறகடுப்பு எரியும் இரண்டாம் கட்டிலும், சாம்பிராணி போடும் சாமி அறையிலும் புகை உணரியை வைக்கக்கூடாது. அங்கே வெப்ப உணரிதான் சரி. மூன்று முறை பொய்யாக அலறினால் எந்த ஆச்சியும் அதைக் கழற்றி வைத்துவிடுவார், அதில் தவறும் இல்லை. புகையோடு வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அறியும் உணரிகளும் உண்டு. அவை பெரும்பாலும் மின்வேதியியல் முறையில் இயங்குபவை; அந்தத் துறைக்கென்றே உள்ள மத்திய ஆய்வகம், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. நம் வெயிலுக்கும் தூசுக்கும் தாங்கும் உணரிக்காக நாம் தொலைதூரம் தேடிப் போக வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

தீ என்று தெரிந்ததும் மீட்டர் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டுமா? ஸ்மார்ட் மீட்டருக்குள் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறது. ஆள் இருக்கும் வீட்டில் இரவு நேரத்தில் சட்டென்று இருட்டாக்கினால், வயதானவர்கள் படியிறங்கி வெளியேற முடியாமல் தவிப்பார்கள். அங்கே முதலில் அலாரம், பிறகே துண்டிப்பு. பூட்டிய வீட்டில் தயங்கக் காரணமே இல்லை. முனையில் சூடு என்றால் உடனே துண்டிக்கலாம். மின்னோட்டம் நின்றால் அந்தச் சூடும் தணிந்துவிடும்.

எனக்குள்ள பெரிய அச்சம் வேறு. அரைமணிக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதியும் மீட்டர், எந்த வீடு ஆளின்றிக் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடும். பழைய தூணுக்கும் கதவுக்கும்கூட விலை பேசும் காலத்தில் அந்தத் தகவல் தவறானவர் கையில் சிக்கினால், தீயிலிருந்து காத்த வீட்டைத் திருடனிடம் பறிகொடுப்போம். தீ எச்சரிக்கைக்கான செய்தியையும் பயன்பாட்டுக் கணக்கையும் பிரித்து வைக்கும் விதி இல்லாமல் இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்க மாட்டேன்.

செய்தி யாருக்குப் போகும் என்பதும் இதே அளவு முக்கியம். இங்கே பல இணைப்புகள் மறைந்துபோன ஐயாக்களின் பெயரிலேயே இருக்கின்றன. பதிவான கைப்பேசி எண் யாருடையது என்று பங்காளிகளுக்கே தெரியாது. சிங்கப்பூரில் ஒருவருக்கு நள்ளிரவில் குறுஞ்செய்தி போவதால் தீ அணையாது. கானாடுகாத்தானில் பற்றினால் தீயணைப்பு வண்டி காரைக்குடி போன்ற பக்கத்து ஊரிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். அதுவரை ஏதாவது செய்யக்கூடியவர்கள் அதே தெருவில் இருப்பவர்கள். ஆகவே மீட்டரிலேயே தெருவுக்குக் கேட்கும்படி ஓர் ஒலிப்பான் வேண்டும். எண் பட்டியலில் காவல்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் முதலில் இருக்க வேண்டும். வெளிச்சாவி ஒன்று ஊரிலேயே ஒருவரிடம் இருக்க வேண்டும். இந்த ஆண்டுப் படைப்புக்குக் கூடும்போது, இணைப்பின் பெயரை மாற்றுவது, எண்களைக் கொடுப்பது, உதிரும் வயர்களை எடுத்துவிட்டுப் புதிதாக இழுப்பது ஆகிய மூன்றையும் பேசி முடிப்பதென்று எங்கள் பங்காளிகளிடம் சொல்லியிருக்கிறேன். வயரிங் செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ள இருவர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார்கள்.