புளி போட்டுத் தேய்த்த பட்டாளத்துப் பொத்தான்

லண்டன் புறநகரில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தை. ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சட்டைப் பொத்தான், 5 பவுண்டு. தன் தாத்தா உலகப் போரில் போட்டிருந்த சீருடையில் இருந்தவை என்றார் விற்றவர். ஒரு தாத்தாவுக்கு 39 பொத்தானா என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "என்னங்க இது, இப்படிக் களிம்பேறிக் கிடக்கு?" குத்துவிளக்கு தேய்க்கிற புளியை எடுத்தாள். அரை மணி நேரத்தில் பித்தளை தகதகத்தது. சிங்கம், ஒற்றைக்கொம்புக் குதிரை, நடுவில் கேடயம், மேலே கிரீடம்!

ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோனேன். இளமையில் பட்டாளத்தில் இருந்தவர். புளி என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சேகரிப்பவர்கள் பழைய பொத்தானைத் தேய்க்கவே மாட்டார்களாம். பட்டாளத்தில் இருந்த நாளெல்லாம் பிராஸோ பாலிஷ் போட்டுப் பொத்தானைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்த கதையைப் போன மாதம் சொன்னவரும் இவர்தான்.

சிங்கமும் குதிரையும் போட்டது ஜெனரல் சர்வீஸ் பொத்தான். பல படைப்பிரிவுகளுக்கும் பொதுவானது, மலிந்து கிடப்பது. கிரீடத்தைப் பார் என்றார். அதன் வளைவுகள் உச்சியில் பள்ளமாக இறங்கினால் எலிசபெத் ராணி காலம். பழைய பொத்தானில் மேலே எழும்பி உருண்டு நின்றால் 1901 முதல் 1952 வரையிலான அரசர்கள் காலம்; இரண்டு உலகப் போரும் அதற்குள் அடக்கம். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினோம். 38ல் 31 பள்ளம். தாத்தா போட்ட சண்டை பாட்டியோடுதான் போலிருக்கிறது.

"கறுப்பாக எதுவும் இல்லையா?" என்றார். ரைஃபிள் படைக்காரர்களுக்குப் பித்தளை கிடையாது. மின்னி ஆளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று கொம்பில் செய்த கறுப்புப் பொத்தான், அதில் ஊதுகொம்பு முத்திரை.

ஒன்று இருந்தது. ஏதோ பிளாஸ்டிக் என்று நினைத்து, என் ஓவர்கோட்டில் அறுந்துபோன இடத்தில் மனைவி தைத்துவிட்டாள். ஒரு வாரமாக அதோடுதான் பஸ் ஏறுகிறேன். பெரியவர் பூதக்கண்ணாடியோடு என் தொப்பைக்கு நேராகக் குனிந்தார். ஊதுகொம்பு இருந்தது. கிரீடமும் உருண்டைதான்.

வீட்டுக்கு ஓடி, பிரித்துக் கொடு என்றேன்.

"அதே அளவுல வேற வாங்கிட்டு வாங்க, பிரிக்கிறேன்."

"டப்பாவுல 38 இருக்கே!"

"அதுவா? பளபளன்னு கல்யாண பேண்டுக்காரர் மாதிரி இருப்பீங்க."