ஆறும் நிற்குதா

ஒக்டோபர் 30, 2024
ரோமர் கோயில் இருக்கும் லெபனான் ஊர் பால்பெக். அது முழுவதையும் காலி செய்யச் சொல்லிவிட்டது இஸ்ரேல். பெய்ரூட்டில் நான் பார்த்துக்கொள்ளும் தேத்தாவுக்கு (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அது சொந்த ஊர். அவரிடம் சொல்லவில்லை. டீவி பழுது என்று சொல்லி வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 31
தலைமாட்டு ரேடியோவை மறந்தே போனேன். கோப்பி கொண்டுபோனதும் முதல் கேள்வி: "ஆறும் நிற்குதா?"
ஆறு தூணும் நிற்குது தேத்தா.

நவம்பர் 3
அந்தத் தூண்களை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். ஜூப்பிட்டர் கோயிலுக்கு ரோமர் வைத்தது 54 தூண். உயரம் 20 மீட்டர் அளவு வரும். 1759 பூமியதிர்ச்சி வரைக்கும் ஒன்பது நின்றது, அதற்குப் பிறகு ஆறு. அந்த மூன்றும் விழுந்ததைத் தேத்தா சொல்லும்போது போன கிழமை நடந்தது மாதிரி இருக்கும்.

இன்றைக்குக் கால் கழுவிவிடும்போது இடது முழங்காலில் இருக்கும் தழும்பைக் காட்டினார். ஊருக்கு வெளியே கல் வெட்டிய இடத்தில் 1000 டன் கல் ஒன்று சரிந்தபடி கிடக்கிறது. கர்ப்பிணிக் கல் என்று பெயர். சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடி விழுந்தது. எண்பத்து நாலு வயதுத் தோலில் அந்த இடம் மட்டும் வழுவழு என்று இருக்கிறது.

அப்புறம் ரயில் கதை. பெய்ரூட்டிலிருந்து வருகிறவர்கள் றயாக்கில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டும், சின்னத் தண்டவாளம் பால்பெக் வரை போகாது. இப்போது இந்த நாட்டில் ஒரு ரயிலும் ஓடவில்லை. அப்புறம் 1957. பாடகி ஃபைரூஸ் முதல்தரம் பால்பெக்கில் பாடின வருசம். இரவில் குளிரும் என்று தாய் கபிலநிறக் கோட்டைப் போட்டு அனுப்பினாராம். பதினேழு வயதுப் பெட்டை கோட்டோடு உட்காருவாளா? கழற்றி மடியில் வைத்தார். ஒரு கிழமை காய்ச்சல்.

நவம்பர் 6
இரவு. கோயிலுக்குப் பக்கத்தில் குண்டு விழுந்திருக்கிறது.

நவம்பர் 7
மன்ஷியே போய்விட்டது. கோயிலுக்குக் கிட்ட இருந்த துருக்கியர் காலத்து வீடு. 1874 இலிருந்து இருக்கிற பல்மைரா ஹோட்டலுக்கும் சேதமாம்.

"ஆறும்?"

போனில் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். ஐந்து. திரும்ப எண்ணினேன், ஐந்துதான். கை நடுங்கிவிட்டது. குசினிக்குப் போய் வேறு படம் தேடினேன். பக்கவாட்டில் எடுத்த படத்தில் ஒன்றை ஒன்று மறைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது, "இவ்வளவு நேரமா எண்ணுவாய்?" என்றார்.

நவம்பர் 11
மேலே உம் காமில் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். இஸ்ரேலின் ஆளில்லா வேவு விமானத்துக்கு இங்கே வைத்திருக்கும் பெயர். யாரோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. இலங்கையில், ஊரில் எங்களுக்கு கிபிர், குண்டு போடும் விமானம். அதுவும் இஸ்ரேலில் செய்ததுதான். இங்கே வந்தும் விடவில்லை.

மகள் வொய்ஸ் அனுப்பியிருக்கிறாள், வாங்கம்மா, வாங்கம்மா என்று. என் பாஸ்போட் இருக்கிற லாச்சியின் சாவி மொன்றியலில் இருக்கிற தேத்தாவின் மகனிடம். கேட்டேன். பார்ப்போம் என்றார். போன மாதமும் அதைத்தான் சொன்னார்.

நவம்பர் 14
ஜெனரேட்டர்காரன் காசுக்கு வந்து கத்திவிட்டுப் போனான். வந்த புதிதில் 'தேத்தா' என்று கூப்பிடச் சொன்னபோது தேத்தண்ணி கேட்கிறார் என்று ஊற்றிக் கொண்டுபோனேனே, அது ஏனோ ஞாபகம் வந்தது. தனியே சிரித்தேன்.

நவம்பர் 19
யுனெஸ்கோ நேற்று 34 இடங்களுக்கு விசேட பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. பால்பெக்கும் இருக்கிறது. சொன்னேன்.

"கடதாசியிலா?"

பிறகு மியூசியம் கதை. உள்நாட்டுச் சண்டையில் பெய்ரூட்டை இரண்டாகப் பிரித்த கோட்டிலேயே அது நின்றது. மோரிஸ் ஷெஹாப்தான் அப்போது பொறுப்பு. சின்னச் சாமான்களைக் கீழ் அறையில் வைத்துச் சுவர் எழுப்பி மூடினார். தரையில் இருந்த மொசைக்குக்கு மேல் சீமெந்து. தூக்க முடியாத கற்சவப்பெட்டிகளைச் சுற்றியும் சீமெந்து. சுவரில் இருந்த ஒரு மொசைக்கில் மட்டும் சினைப்பர்காரன் சுட ஓட்டை போட்டான். அதை இன்னும் அடைக்காமல் வைத்திருக்கிறார்களாம்.

"அவர் மனுசன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இருபது மீட்டருக்குச் சீமெந்து ஊற்ற ஏலாது."

நவம்பர் 23
விடிய நாலு மணி. பெய்ரூட்டுக்குள்ளேயே, பஸ்தாவில் குண்டு. கட்டில் நகர்ந்தது. தேத்தா காதுக் கருவி இல்லாமல் நல்ல நித்திரை. கண்ணாடி உடையவில்லை.

நவம்பர் 26
முழு நாளும் குண்டு. எழுத முடியவில்லை.

நவம்பர் 27
விடிய நாலு மணியோடு சண்டை நின்றுவிட்டது. உம் காமில் இல்லாத வானம் காதுக்குள் ஙொய் என்கிறது. ரோட்டில் கார்கள், கூரையில் மெத்தை கட்டிக்கொண்டு போகின்றன. கோப்பி கொண்டுபோனேன். தேத்தா ஒன்றும் கேட்கவில்லை. குடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஏன் நிற்கிறாய் என்றார்.

நவம்பர் 28
மேல்வீட்டு டிரைவர் சனிக்கிழமை பால்பெக் போகிறாராம். தேத்தா கபிலநிறக் கோட்டை எடுக்கச் சொன்னார். அதே கோட்டா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பொத்தான் இல்லை. ஊசி இருக்கிறது, அந்த நிற நூல்தான்