அஞ்சுக்கு நாலு அறையில் நாலு கதவு

துணி காயவைக்கிற டிரையரைத் தூக்கி வந்தவர்கள் அதை ஹாலில் இறக்கிவிட்டு, "எங்க மேடம் வைக்கணும்?" என்று கேட்டதும், வீட்டில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினோம். அத்தை காட்டியது வாசல் பக்கம்.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் துவைக்கிற அறையைப் பார்க்க வேண்டுமே. அஞ்சடிக்கு நாலடி. மற்ற எல்லா அறையையும் கட்டி முடித்துவிட்டு, மிச்சம் விழுந்த மூலைக்குப் பாவம் பார்த்து ஒரு கதவு போட்ட இடம். அதில் ஏற்கெனவே வாஷிங் மெஷின், பக்கத்தில் அத்தையின் குழாய், குழாய்க்கு நேர் கீழே அத்தையின் வாளி, கதவுக்குப் பின்னால் மாப், துடைப்பம், மடக்கு ஸ்டாண்ட். அந்த வாளியைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். மெஷின் வந்த நாளிலிருந்து அத்தை தன் துணியை அதில் போட்டதில்லை. "அது எங்க துவைக்குது, சுத்திச் சுத்தி வேடிக்கை காட்டுது" என்பது அவர் தீர்ப்பு. ஆகவே எந்தப் பிளான் போட்டாலும் வாளி நகராது. சுவரை வேண்டுமானால் நகர்த்திக்கொள்ளலாம்.

இந்த மெஷின் அட்டைப்பெட்டியில் உயரம் 85, அகலம் 60, ஆழம் 60 செ.மீ. என்று போட்டிருப்பார்கள். அதை நம்பி டேப் பிடிக்கிறவர்களுக்குத்தான் பின்னால் இருக்கிறது வேடிக்கை. பின்னால்தான், நிஜமாகவே. தண்ணீர் வருகிற ஹோஸ் ஒன்று, போகிற ஹோஸ் ஒன்று, இரண்டும் மடங்கி நசுங்காமல் இருக்க ஒரு 10 செ.மீ. விட வேண்டும். முன்னால் வட்டக் கதவு திறக்க ஒரு 50. அப்புறம் துணியைப் போட்டு எடுக்க ஒரு மனுஷி. அந்த மனுஷியின் நீள அகலத்தை எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை.

என் வீட்டுக்காரர், அதாவது ரங்கமணி, கிராஃப் பேப்பரை எடுத்தார். அவர் கிராஃப் பேப்பரை எடுத்தால் என்ன ஆகும் என்பது பரண் கட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பத்துக்கு ஒன்று ஸ்கேல். மெஷின் ஆறுக்கு ஆறு சதுரம், டிரையர் இன்னொரு சதுரம், அலமாரி மஞ்சள், இஸ்திரி மேஜை பச்சை, வாளிக்கு மரியாதையாக ஒரு வட்டம். எல்லாவற்றையும் கத்தரித்துத் தாளில் பரப்பி நகர்த்தி நகர்த்தி வைத்தார். அழகாகத்தான் இருந்தது. "நான் எங்கங்க நிக்கிறது?" என்றேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்து எனக்காகவும் ஒரு துண்டு வெட்டினார். அதுவும் ஆறுக்கு ஆறு.

"நானும் மெஷினும் ஒரே சைஸா?"

"உட்கார்ந்து குனிஞ்சு துணி எடுக்கும்போது அவ்வளவு வேணும்ல" என்கிறார், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். பெரியவள் அந்தத் துண்டில் பேனாவால் கண் மூக்கு வரைந்து, புருவத்தைக் கோபமாக வேறு போட்டுவிட்டாள். என்னைத் தாளில் எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்றின் மேல்தான் ஏறி நின்றேன். கடைசியில் வாளி வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, குனிந்து பார்த்து, என்னை மட்டும் இரண்டு விரலால் எடுத்துத் தாளுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்.

சரி, பக்கத்தில் பக்கத்தில் வைக்க வழியில்லை, ஒன்றன் மேல் ஒன்றுதான் என்று முடிவானது. இங்கே ரங்கமணி ஒரு யோசனை சொன்னார். டிரையரைக் கீழே வைத்து, மெஷினை மேலே ஏற்றினால், எனக்கு ஈரத்துணியைக் குனிந்து எடுக்கிற வேலை இருக்காதாம். வந்தவர்களில் பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "சார், மெஷினுக்குள்ள அது ஆடாம இருக்கறதுக்கே கான்கிரீட் கட்டை வச்சிருக்காங்க. எழுபது கிலோ வரும். ஸ்பின்ல 1200 சுத்து சுத்தும். அதைப் போய் மேல ஏத்தலாமா?" நாள் முழுக்கக் கட்டட வேலையில் கான்கிரீட்டோடு மாரடிக்கிற ரங்கமணிக்கே கான்கிரீட் பாடம். அப்படியும் விடவில்லை. சரி, டிரையர் மேலேயே இருக்கட்டும், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த இணைப்புச் சட்டம் எதற்கு, நடுவில் ரப்பர் ஷீட் போட்டால் போதாதா என்றார். "ரப்பர் போட்டா இது மெதுவா நடந்து வந்து ஒருநாள் யார் தலையிலயாவது இறங்கும் சார்." ரப்பர் பேச்சு அதோடு முடிந்தது. சட்டத்தை மாட்டினார்கள், ரசமட்டம் வைத்துக் காலைத் திருகித் திருகி மட்டம் பார்த்தார்கள், ஏற்றினார்கள். சுவரில் நாலு அங்குல ஓட்டை போட வேண்டியதில்லை, இது ஈரக்காற்றை வெளியே விடாமல் தண்ணீராக்கிப் பெட்டியில் சேர்க்கிற ஹீட் பம்ப் மாடல் என்று அவர்கள் சொன்னபோது ரங்கமணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டிரில்லைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்.

இப்போது 85-ம் 85-ம் 170. நடுவில் சட்டம் வேறு. நான் அஞ்சடி, அதாவது 152. டிரையரின் பட்டன்கள் எல்லாம் என் தலைக்கு மேல் இருக்கின்றன. எந்த பட்டன் எது என்று பார்க்க ஸ்டூல் வேண்டும், ஸ்டூல் போட இடம் வேண்டும், இடம் இருந்திருந்தால் நான் ஏன் அய்யா ஒன்றன் மேல் ஒன்று ஏற்றப் போகிறேன்? துணியிலிருந்து இறங்குகிற தண்ணீர் சேரும் பெட்டியும் உச்சியில்தான். முதல் நாள் ஈடு முடிந்து அதை வெளியே இழுத்தேன். பாதிவரை சமர்த்தாக வந்தது. அப்புறம் சற்றே முன்பக்கம் சாய்ந்து, தண்ணீர் கைவிரல் வழியாக மணிக்கட்டு, மணிக்கட்டு வழியாக முழங்கை, முழங்கை வழியாக அக்குள் என்று ஒரு ஊர்வலமே போனது. காய்ந்த துணியை எடுக்கப் போனவள் நனைந்து வந்தேன். மறுநாள் அந்தத் தண்ணீரை ஹோஸ் போட்டு நேரே கழிவுநீர்ப் பைப்பில் விடலாம் என்று கையேட்டில் பெரியவள்தான் கண்டுபிடித்தாள். அந்த ஹோஸ் டிரையர் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயேதான் இருந்தது, கவர் பிரிக்காமல்.

கழிவுநீர்ப் பைப் என்றதும் போன வருஷத்துக் கூத்து ஞாபகம் வருகிறது. பிளம்பர் ஒருவர், "பைப் வெளியே தெரிஞ்சா அசிங்கமா இருக்குக்கா" என்று அதை வெட்டித் தரையோடு தரையாக இறக்கிவிட்டார். அன்றைக்கு மெஷின் தண்ணீரை இந்தக் கையால் வாங்கி அந்தக் கையால் விட்டுக்கொண்டே இருந்தது. ராத்திரிவரை துவைத்தது, ஒரு துணிகூட அலசிமுடியவில்லை. அந்தப் பைப்பின் வாய் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்று பல கையேடுகளில் படமே போட்டிருக்கிறது. தாழ இறக்கினால் மெஷின் நிரம்புவதற்குள் ஹோஸ் தானாகவே தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். இப்போது பைப் அசிங்கமாகத்தான் நிற்கிறது. நிற்கட்டும்.

உண்மையான இழப்பு வேறு. டிரையர் மேலே ஏறியதில் மெஷினின் தலை போய்விட்டது. அந்தத் தலைதான் இந்த வீட்டிலேயே யாருக்கும் சொந்தமில்லாத ஒரே மேஜை. சோப்புத்தூள், கிளிப் கூடை, பாக்கெட்டில் கிடைத்த சில்லறை, ஜோடியைத் தேடிக் காத்திருக்கும் சாக்ஸ் எல்லாம் அங்கேதான் இருந்தன. அவற்றை வைக்கத்தான் ரங்கமணி மேலே மூன்று தட்டு ஷெல்ஃப் அடித்தார். அடித்த கையோடு முதல் தட்டில் அவருடைய பெயிண்ட் டின்கள் குடியேறின. இரண்டாவதில் டிரில், பழைய வயர்கள், எந்தப் பொருளுக்கு என்றே தெரியாத இரண்டு சார்ஜர். மூன்றாவதில் ஒரு கவர், அதில் மெஷினின் பயண போல்ட்டுகள். புது மெஷின் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டிருப்பார்களே, ஓட்டுவதற்கு முன் கழற்ற வேண்டியது. வீடு மாறும்போது மறுபடி தேவைப்படுமாம், பத்திரமாக இருக்க வேண்டுமாம். இருக்கட்டும். சோப்புத்தூள் இப்போது தரையில், வாளி ஓரமாக, அத்தையின் அனுமதியோடு இருக்கிறது.

அத்தை டிரையரை மன்னித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஈடுக்கும் அதன் வலையில் சேர்கிற பஞ்சை எடுத்தாக வேண்டும், விட்டால் காற்று அடைத்துக்கொள்ளும், தீப்பிடிக்கிற அபாயமும் உண்டு. அந்தப் பஞ்சை உள்ளங்கையில் வைத்து விரலால் பிரித்துப் பார்த்து, "இது அவன் நீலச் சட்டைம்மா, கொஞ்சம் கொஞ்சமா தின்னுது" என்கிறார். பார்த்தால் பஞ்சு நிஜமாகவே நீலம்.

இத்தனைக்கும் அப்புறம் கதவுகளின் சண்டை. மெஷின் கதவு, டிரையர் கதவு, கீழ் அலமாரியின் கதவு, அறைக் கதவு. மெஷின் கதவைத் துவைத்து முடித்ததும் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ரப்பர் வளையத்தில் பூஞ்சை பிடித்து நாறும். திறந்து வைத்தால் உள்பக்கம் திறக்கிற அறைக் கதவு அதில் போய் இடிக்கும். அதனால் நான் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, அப்புறம் மெஷினைத் திறக்க வேண்டும். அப்படி உள்ளே குந்தியிருக்கிற நேரம் பார்த்துத்தான் சின்னவன் "அம்மா, என் யூனிஃபார்ம்?" என்று கதவைத் தள்ளுவான். இடுப்பில் ஒரு இடி, நெற்றி டிரம்முக்குள்.

ரங்கமணி மறுபடி கிராஃப் பேப்பர் எடுத்தார். ஸ்லைடிங் கதவு, மடக்குக் கதவு, பாதிக் கதவு என்று மூன்று படம் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் வாளியோடு போன அத்தை நிற்காமலேயே சொன்னார்: "கதவைக் கழட்டிட்டா என்னடா? உள்ள என்ன புதையலா இருக்கு?"

கழற்றியாயிற்று. அறை இப்போது பெரிசாகத் தெரிகிறது, காற்று வருகிறது, பூஞ்சைப் பயமும் குறைந்தது. ஆனால் கழற்றிய கதவை வைக்க வீட்டில் இடமில்லை. எங்கள் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் சாய்த்து வைத்திருக்கிறது, நான் பக்கவாட்டில் நுழைந்துதான் படுக்கப் போகிறேன். அதற்கும் வழி சொல்லிவிட்டார் ரங்கமணி. அந்தக் கதவையே பாதியாக அறுத்து, கீல் வைத்து, அதே அறைச் சுவரில் மடக்கு இஸ்திரி மேஜை. மேஜை விரியும்போது யார் எங்கே நிற்பது என்று நான் கேட்கவில்லை. "இந்த டேப்போட முனையைக் கொஞ்சம் வந்து பிடியேன்" என்று அங்கிருந்து கூப்பிடுகிறார். கதவில்லாத அறையில் ஸ்பின் ஓடிக்கொண்டிருக்கிறது, வீடே அதிர்கிறது, எனக்கு எதுவும் காதில் விழவில்லை.