போகிக்குத் தப்பிய பாய்

பொங்கலன்று தொழிற்சாலையிலிருந்து நான்கு பேர் சாப்பிட வருகிறார்கள் என்று கணவர் சொன்னபோது அத்தை தலையை ஆட்டிவிட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஒருத்தர் ஜெர்மனி, ஒருத்தர் கென்யா, அப்புறம் கொரியாவிலிருந்து புருஷன் பெண்டாட்டி" என்றதும்தான் கண்ணாடியைக் கழற்றினார்.

அதோடு எங்கள் நங்கநல்லூர் ஃப்ளாட்டின் நிம்மதி போயிற்று. தரையில் உட்கார மாட்டார்கள் என்று மேஜை நாற்காலி வாடகைக்கு வந்தது. கையால் சாப்பிட வராதே என்று ரங்கநாதன் தெருவில் முள்கரண்டி ஒரு டஜன் வாங்கினோம். அவர்களுக்காக மிளகாயே போடாத சாம்பார் தனியாக வைப்பது என்று முடிவாயிற்று. கோயம்பேட்டிலிருந்து வந்த கரும்பில் பாதியை அத்தையே உட்கார்ந்து சீவி, சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் பல்குச்சி குத்தி வைத்தார். "பாவம், வெள்ளைக்காரங்களுக்குப் பல்லு பூஞ்சை" என்றார். நான்கு பேரில் ஒருவர்தான் வெள்ளைக்காரர் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அந்த ஒருவர் போகியன்று விடியற்காலையில் வந்து இறங்குவதாக இருந்தது. பனியும் போகிப் புகையும் சேர்ந்தால் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை சரியாகத் தெரியாது. 2018 போகிக்குப் பல விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போயின. இதை என் கணவர் வாய் தவறி அத்தையிடம் சொல்லிவிட்டார். எரிப்பதற்கென்று எடுத்து வைத்திருந்த பழைய கோரைப்பாயை அத்தை உடனே பரண்மேல் ஏற்றிவிட்டார். "அந்த மனுஷன் பிளேன் இறங்க வேண்டாமா?" தெரு முழுக்க டயர் எரிந்துகொண்டிருந்தது, எங்கள் ஒரு பாயால்தான் விமானம் பெங்களூருக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. எப்படியோ, விமானம் ஒழுங்காக இறங்கியது.

பொங்கலன்று நல்ல நேரத்துக்கு முன்பே நால்வரும் வந்துவிட்டார்கள். மஞ்சள் கொத்து கட்டிய பானை கேஸ் அடுப்பில். ஃப்ளாட்டில் வேறென்ன செய்வது? பால் நுரைத்து மேலே வர வர எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நுரை பானையின் கழுத்தைத் தொட்ட நொடியில் ஜெர்மன்காரர் ஒரே தாவலில் பாய்ந்து அடுப்பை அணைத்துவிட்டார். அணைத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். பால் வழியப் போவது தெரிந்தும் இத்தனை பேர் சும்மா நின்றால் அவரும்தான் என்ன செய்வார்?

வீட்டில் சத்தமே இல்லை. 'பொங்கலோ பொங்கல்' சொல்ல வாயைத் திறந்த சின்னவன் அப்படியே திறந்தபடி நின்றான். கணவர் ஆங்கிலத்தில் விளக்க விளக்க அந்த மனிதரின் முகம் பீட்ரூட் நிறமாகியது. அத்தை ஒன்றுமே பேசாமல் அடுப்பை மறுபடி பற்ற வைத்தார். கைப்பிடிக் குமிழ் பக்கம் கரண்டியோடு நின்றுகொண்டார், யாரும் கிட்டே வரக் கூடாது என்பதுபோல. இரண்டாம் முறை பால் வழிந்தபோது எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தியது ஜெர்மன்காரர்தான். கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை மாலையில் அவர்களிடம், "எங்க வீட்ல இந்த வருஷம் பால் ரெண்டு தடவை ஏறி வந்துச்சு" என்று சொன்னதை நானே கேட்டேன்.

அப்புறம் சாப்பாடு. கொரியாக்காரர்கள் மேஜையைப் பார்த்தார்கள், கூடத்துத் தரையைப் பார்த்தார்கள், கீழே உட்காரலாமா என்று கேட்டார்கள். அவர்கள் நாட்டிலும் தரையில் அமர்ந்து சாப்பிடும் வழக்கம் உண்டாம். பரணிலிருந்து போகிப் பாய் இறங்கியது. கொரியத் தம்பதியும் கென்யாக்காரரும் சம்மணம் போட்டு அமர, ஜெர்மன்காரர் மட்டும் காலை எந்தப் பக்கம் மடக்குவது என்று கொஞ்ச நேரம் திண்டாடினார். வாடகை மேஜையில் யார் உட்கார்ந்தது? அத்தை, சித்தப்பா, சித்தி என்று எங்கள் வீட்டு மூட்டுவலிக் கட்சி முழுவதும்.

பெரியவன் இலையைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் போனான். ஜெர்மன்காரர் நுனி இடப்பக்கம் வரும்படி தன் இலையைத் திருப்பி, பக்கத்து இலைகளையும் திருப்பிவிட்டார். எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறார். கென்யாக்காரருக்குக் கையால் சாப்பிடுவது புதிதே இல்லை. அங்கே சோள மாவைக் களிபோலக் கிண்டி உகாலி என்று கையால்தான் சாப்பிடுவார்களாம். ரசத்துக்குச் சோற்றில் அவர் கட்டிய அணையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. முள்கரண்டிகளைப் பிள்ளைகள் எடுத்துப் போய் வடையில் குத்தி விளையாடினார்கள்.

புது அரிசி வந்ததும் சூசொக் என்று தாங்களும் அறுவடைத் திருநாள் கொண்டாடுவதாகக் கொரியப் பெண் சொன்னார். அத்தை இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை அவர் இலையில் வைத்து, "அப்ப நீங்களும் நம்ம ஆளுங்கதான், சாப்பிடும்மா" என்றார். போதும் என்று இலைமேல் கையை விரித்துக் காட்டினால் அத்தைக்குக் கண் தெரியாது. இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

மிளகாய் இல்லாத சாம்பாரை ஜெர்மன்காரர் மரியாதைக்கு ஒரு வாய் தொட்டுவிட்டு மற்றதற்கு மாறிவிட்டார். அல்சர்க்காரச் சித்தப்பா அந்தப் பாத்திரத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இது யார் வெச்சது? அருமை!" என்றார். பல்குச்சிக் கரும்பைத் தீர்த்தவன் பெரியவன். ஜூஸாகத் தவிர அவனுக்குக் கரும்போடு பழக்கம் கிடையாது. கென்யாக்காரர் பால்கனியில் சாத்தியிருந்த முழுக் கரும்பை எடுத்து, பல்லாலேயே தோலை உரித்துத் துப்பினார். மேற்குக் கென்யாவில் கரும்புக் காட்டு ஓரத்தில் வளர்ந்தவராம். அத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார், குறிப்பாகப் பற்களை.

கிளம்பும்போது ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பாவில் பொங்கல் கொடுத்து அனுப்பினோம். கொரியாக்காரர்களுக்குக் கொடுத்த டப்பா அடுத்த வாரமே வந்தது, காலியாக இல்லை. மீன் எதுவும் சேர்க்காமல் செய்தது என்ற சீட்டோடு, உள்ளே கிம்ச்சி. அத்தை தயிர் சாதத்துக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பூண்டு கொஞ்சம் தூக்கல், ஆனா கெட்டுப் போகல" என்று தீர்ப்புச் சொன்னார். டப்பா இப்போது காலி. இதில் ஆவக்காய் போட்டு அனுப்புவதா, நார்த்தங்காய் போட்டு அனுப்புவதா என்று அவருக்கும் சித்திக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது.