ஜான் வுடன்: காலுறையில் தொடங்கிய பாடம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் என்றாலே 10 பட்டங்களைத்தான் எல்லாரும் சொல்வார்கள். 1964 முதல் 1975 வரை, 12 ஆண்டுகளில் அவருடைய யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அணி வென்ற என்.சி.ஏ.ஏ. (தேசியக் கல்லூரி) பட்டங்கள் அவை. ஆனால் அவர் அங்கே சேர்ந்தது 1948-இல். முதல் பட்டம் 16-ஆவது சீசனில்தான் வந்தது. இன்றைக்கு யாருக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கும்?

1964 அணியின் தொடக்க ஐவரில் ஒருவரும் 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. அந்த உயரக் குறையை ஈடுகட்டியது 2-2-1 ஜோன் பிரஸ்: முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர் என்று நின்று எதிரணியை நெருக்கும் தற்காப்பு. அதற்காக வாதாடியவர் உதவிப் பயிற்சியாளர் ஜெரி நார்மன். தாங்கள் போட்ட பந்து கூடையில் விழுந்ததும் பிரஸ் தொடங்கும். எதிரணி வெளியே போய்ப் பந்தை உள்ளே எறிவதற்குள் ஐவரும் இடம் பிடித்துவிடலாம். முதல் பாஸைத் தடுப்பதில்லை. முன்வரிசை இருவர் நடுவழியை மூடி, பந்துக்காரரைப் பக்கக் கோட்டுக்கு ஒதுக்குவார்கள். இரண்டாம் வரிசையில் அந்தப் பக்கத்து ஆள் ஏறிவந்தால் இருவரும் கோடுமாகப் பொறி தயார். தப்பிக்கத் தூக்கிப் போடும் பந்து மெதுவாக மிதந்து வரும். பின்னால் நிற்கும் கீத் எரிக்சன் அதைப் பிடித்துவிடுவார். அவர் ஒலிம்பிக்கில் ஆடிய வாலிபால் வீரரும்கூட.

பிரஸ் கெடுவது பெரும்பாலும் கையால்தான். பந்தைப் பறிக்கக் கை நீட்டினால் ஃபவுல். எதிரணிக்கு மூச்சுவிட நேரம். பொறி வைக்கும் இருவருக்கும் நடுவில் இடைவெளி விட்டால் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுபவர் புகுந்து போய்விடுவார், பின்னால் ஆள் போதாது. உண்மையில் பந்தைப் பறிப்பதைவிட ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டி எதிரணியைக் களைக்க வைப்பதே நோக்கம். 1964 இறுதிப் போட்டியில் 6 அடி 10 அங்குல வீரர்கள் இருவர் இருந்த டியூக், இரண்டரை நிமிடத்தில் தொடர்ந்து 16 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. முடிவு 98-83.

வுடன் சீசனில் சொல்லித்தரும் முதல் பாடம் காலுறை. குதிகால், சுண்டுவிரல் பக்கம் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். ஷூ கயிற்றை ஒவ்வொரு துளையாக இறுக்கி இரட்டை முடிச்சு. சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி போச்சு. கேலி செய்தவர்களும் உண்டு.

பயிற்சி நிமிடக் கணக்கில் சிறு அட்டைகளில் எழுதப்பட்டிருக்கும். 1974-75 சீசனில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கல்லிமோர் என்ற உளவியலாளர்கள் பயிற்சியில் வுடன் செய்ததை 2,326 கூறுகளாகப் பதிவுசெய்தார்கள். பாராட்டு சுமார் 7 சதவீதம். பெரும்பகுதி, எதை எப்படிச் செய்வது என்ற சுருக்கமான அறிவுறுத்தல்.

பயிற்சியிலேயே எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பதால், ஆட்டத்தில் முதலில் டைம்-அவுட் (இடைநிறுத்தம்) கேட்பது அவருக்குப் பிடிக்காது. இதன் விலையும் தெரிந்ததே. 1974 ஜனவரி 19 அன்று நோட்ரே டேம் பல்கலைக்கழக அணிக்கு எதிராக 70-59 என்று முன்னிலையில் இருந்த அணி, கடைசி மூன்றரை நிமிடத்தில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 71-70 என்று தோற்றது. 88 தொடர் வெற்றிகள் அங்கே நின்றன. ஒரு வாரம் கழித்து அதே அணியைத் தன் மைதானத்தில் 94-75 என்று வென்றது யு.சி.எல்.ஏ.